மனைக் கட்டணத்தில் தெருக்காவலும் பசுமையும்: லூசியானாவில் குற்றத்தடுப்பு மண்டலம் அமைக்க முழுமையான வழிகாட்டி

நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ் நகரங்களின் பல குடியிருப்புகளில் சொத்து வரி ரசீதில் தனிப் பதிவாக ஒரு சிறு தொகை இருக்கும். அந்தக் குடியிருப்புக்கென்றே மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய குற்றத்தடுப்பு மண்டலத்துக்கான மனைக் கட்டணம் அது. லேக்வியூ, கார்டன் டிஸ்ட்ரிக்ட், மிட்-சிட்டி ஆகிய பகுதிகளில் இப்படிப்பட்ட மண்டலங்கள் இயங்குகின்றன. கூடுதல் ரோந்து, கேமரா, தெருவிளக்கு, மரம், பூச்செடி எல்லாவற்றுக்கும் பணம் அதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் பகுதியிலும் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. இந்த வேலை பணத்தட்டுப்பாட்டில் நிற்பது குறைவு. படிகளை முன்பின் மாற்றிச் செய்ததால் நின்றுபோனதுதான் அதிகம். கட்டணத்தின் உச்சவரம்பு, எல்லை, ஆயுள் மூன்றும் சட்டத்தில் எழுதப்பட்டுவிடும். பிறகு ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் கணக்கு முதலில், மசோதா பிறகு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதிவு செய்யப்பட்ட குடியிருப்போர் சங்கம், அதன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, உள்ளாட்சிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதியிடமும் செனட்டரிடமும் அறிமுகம். இவை இல்லாமல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்ப வேண்டாம்.

சங்கத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பணமும் வேண்டும். பத்திரிகை அறிவிப்பு, வழக்கறிஞர் கட்டணம், துண்டறிக்கை எல்லாம் மண்டலம் பிறப்பதற்கு முன்பே வரும் செலவுகள். மனைக் கட்டணத்திலிருந்து ஒரு டாலர்கூட அதுவரை வந்திருக்காது.

வேலை தொடங்கிய நாளிலிருந்து முதல் ரோந்து வண்டி தெருவுக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும் என்று அக்கம்பக்கத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் என்று சொல்லித் தொடங்கினால் பாதி வழியில் ஆதரவு கரைந்துவிடும்.

1. எல்லையை வரையுங்கள்

எல்லைத் தெருவின் நடுக்கோடுதான் எல்லையா, அல்லது அந்தத் தெருவின் இருபக்க வீடுகளும் உள்ளே வருமா? இதைத் தெளிவாக எழுதாமல் தெருப்பெயரை மட்டும் குறிப்பிட்டால், எதிர்வரிசை வீட்டுக்குக் கட்டண ரசீது போகுமா போகாதா என்று பின்னால் சண்டை வரும். ரோந்து வண்டி இரு பக்கத்தையும் பார்த்துக்கொண்டுதான் போகும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பணம் கட்டும். அந்த மனக்கசப்பு, ஆயுள் முடியும்போது கட்டணத்தைப் புதுப்பிக்க நடக்கும் வாக்கெடுப்பில் வந்து நிற்கும்.

எல்லை முடிந்தவரை வாக்குச்சாவடிப் பிரிவுகளின் எல்லையோடு ஒத்துப்போகட்டும். ஒரு பிரிவு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தால், அதில் யார் யாருக்கு இந்த வாக்கு உண்டு என்று வாக்காளர் பதிவாளர் வீடு வீடாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதில் பிழை நேர வாய்ப்பு அதிகம்.

2. மனைகளை எண்ணுங்கள், வீடுகளை அல்ல

கட்டணம் மனைக்கு, குடும்பத்துக்கு அல்ல. அசெஸர் (சொத்து மதிப்பீட்டாளர்) அலுவலகப் பட்டியலில் ஒவ்வொரு வரி எண்ணையும் எடுத்து, தெருவில் நடந்துபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு குடும்பம் வாழும் இரட்டை வீடு ஒரே மனையாக இருக்கலாம். ஒரே வீடு இரண்டு மனையில் நின்றால் இரண்டு கட்டணம் விழலாம். அடுக்குமாடியில் ஒவ்வொரு காண்டோவும் தனி மனை.

காலி மனைக்குக் கட்டணம் உண்டா, கட்டடம் உள்ள மனைக்கு மட்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பல மண்டலங்களின் சட்டத்தில் கட்டடம் உள்ள மனை என்றே எழுதியிருக்கும். ஆனால் கவனிப்பாரற்ற காலி மனைகள்தான் பல இடங்களில் தொல்லையின் ஊற்று. அவற்றை விட்டுவிடுவது நியாயமா என்று உங்கள் கூட்டத்தில் பேசித் தீர்மானிப்பது நல்லது.

சிறப்பு மதிப்பீட்டுச் சலுகை (வரிக்கான வீட்டு மதிப்பை ஏறாமல் நிறுத்திவைப்பது) பெறும் மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு விலக்கு தருவதாக இருந்தால் அந்த எண்ணிக்கையையும் கழித்துவிடுங்கள். பழைய குடியிருப்புகளில் இது சிறு எண்ணாக இருக்காது.

3. செலவிலிருந்து கட்டணத்துக்கு வாருங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். பக்கத்துப் பகுதியில் 200 டாலர், நாமும் 200 வைப்போம் என்று தொடங்கிவிடுகிறார்கள். எத்தனை மணிநேர ரோந்து வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு வாரத்தில் 168 மணிநேரம், ஆண்டுக்கு 8,760. ஒரே ஒரு காவலரை இரவு பகல் முழுவதும் நிறுத்த மணிக்கு 45 டாலர் என்று வைத்தால் 3,94,200 டாலர் ஆகும். சிறு குடியிருப்புக்கு அது எட்டாத தொகை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 620 மனை. தேவாலயம், பள்ளி, விலக்கு பெற்றவர்கள் என 40 போக 580. மனைக்கு 200 டாலர் வீதம் 1,16,000. அந்த ஆண்டு 4 சதவீதம் வசூலாகவில்லை என்று வைத்தால் மீதி 1,11,360. வசூலிக்கும் அலுவலகம் பிடித்துக்கொள்ளும் 1 சதவீதம் போனால் ஏறத்தாழ 1,10,250. காப்பீடு, கணக்காளர், அறிவிப்பு, தபால் ஆகியவற்றுக்கு 12,000. மரமும் புல்வெளியும் பராமரிக்க 15,000. ரோந்துக்கு மிஞ்சுவது 83,250 டாலர்.

மணிக்கு 45 என்றால் அது 1,850 மணிநேரம். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம்தான்.

இந்த ஐந்து மணிநேரத்தைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரவு முழுக்க வண்டி சுற்றும் என்று நம்பி வாக்களித்தவர், வண்டியைக் காணாத முதல் இரவிலேயே ஏமாற்றம் அடைவார். ஐந்து மணிநேரத்தையும் நேரம் மாற்றி மாற்றி வைத்தால் பலன் உண்டு. அதைப் பத்தாவது படியில் பார்க்கலாம்.

உச்சவரம்பை இன்றைய தேவைக்கு மேலே கொஞ்சம் தள்ளி வையுங்கள். காவலரின் மணிக்கூலி ஆண்டுதோறும் ஏறும். சட்டத்தில் எழுதிய வரம்பு ஏறாது. 200 தேவையென்றால் வரம்பு 250 என்று எழுதி, வாரியம் 200-இல் தொடங்கலாம். ஆனால் வாரியம் தானாகவே வரம்புவரை ஏற்றலாமா, ஏற்ற மறுபடி வாக்கெடுப்பு வேண்டுமா என்பதையும் சட்டத்திலேயே எழுதியாக வேண்டும். மறைத்தால் அதுவே எதிர்ப்பாளர்களின் முதல் துண்டறிக்கை ஆகும்.

4. நிலையான தொகையா, மில் கணக்கா

மனைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வைப்பது ஒரு வழி. சொத்து மதிப்பின்படி மில் கணக்கில் வரி விதிப்பது இன்னொரு வழி. ஒரு மில் என்பது மதிப்பிடப்பட்ட ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்.

லூசியானாவில் வீட்டின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்தான் வரிக்கான மதிப்பு. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அதிலிருந்து 7,500 டாலர் விலக்கு உண்டு. மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு வரிக்கான மதிப்பு 30,000. விலக்குப் போக 22,500. பத்து மில் என்றால் 225 டாலர். எழுபத்தையாயிரம் டாலருக்குட்பட்ட வீட்டுக்குப் பூஜ்யம்.

நிலையான கட்டணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. சிறிய வீட்டுக்காரரும் மாளிகைக்காரரும் ஒரே தொகை கட்டுவார்கள். வீட்டு மதிப்புகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் பகுதிக்கு நிலையான தொகை எளிது, வருமானமும் கணிக்கக்கூடியது. மதிப்பில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள பகுதியில் அது ஏழைக்குப் பாரம். அங்கே மில் கணக்கே முறை என்பது எங்கள் கருத்து.

5. பத்திரிகை அறிவிப்பு

குற்றத்தடுப்பையோ அழகுபடுத்தலையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட மண்டலங்களுக்கென்றே மாநில அரசியலமைப்பின் மூன்றாம் கூறு, 13-ஆம் பிரிவில் தனி விதி உண்டு. மசோதா கொண்டுவரப்போகும் செய்தியை, அந்தப் பகுதியின் அரசு அறிவிப்புகளுக்கென நியமிக்கப்பட்ட இதழில் மூன்று தனித்தனி நாட்களில் வெளியிட வேண்டும். கடைசி அறிவிப்புக்கும் மசோதா அறிமுகத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும்.

அறிவிப்பில் மூன்று செய்திகள் கட்டாயம்: மண்டலம் கட்டணமோ வரியோ விதிக்கலாமா, வாக்கெடுப்பு இல்லாமல் அதை விதிக்கவோ ஏற்றவோ முடியுமா, உச்சவரம்பு எவ்வளவு. மற்ற உள்ளூர் மசோதாக்களுக்கு இரண்டு நாள் அறிவிப்புப் போதும் என்பதால், பழைய மாதிரியைப் பார்த்து இரண்டோடு நிறுத்திவிடுவது வழக்கமான பிழை. ஒரு நாள் குறைந்தாலும் மசோதா அடிப்படையிலேயே ஆட்டம் காணும்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். இரட்டைப்படை ஆண்டில் சட்டமன்றக் கூட்டத்தொடர் மார்ச் இரண்டாம் திங்கட்கிழமை தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் ஏப்ரல் இரண்டாம் திங்கட்கிழமை. இரட்டைப்படை ஆண்டென்றால் மூன்று அறிவிப்பும் ஜனவரிக்குள் முடிந்துவிட வேண்டும்.

6. மசோதாவில் என்னென்ன எழுத வேண்டும்

எல்லை, நோக்கம், வாரிய உறுப்பினர்களை யார் நியமிப்பது, கட்டணத்தின் உச்சவரம்பு, எத்தனை ஆண்டு, விலக்கு யாருக்கு, யார் வசூலிப்பது. இவற்றோடு இரண்டு வாசகங்களை விட்டுவிடாதீர்கள்.

ஒன்று: மண்டலம் அமர்த்தும் ரோந்து, நகரக் காவல்துறையின் வழக்கமான சேவைக்கு மேலதிகமானதே தவிர அதற்குப் பதிலானது அல்ல. இது இல்லாவிட்டால், உங்களிடம்தான் தனி ரோந்து இருக்கிறதே என்று பொதுக்காவலைக் குறைக்க வழி திறக்கும். இரண்டு: மண்டலம் கலைந்தால் மிச்சப் பணம் நகரத்திடம் போய், அதே எல்லைக்குள் அதே நோக்கத்துக்குத்தான் செலவாக வேண்டும்.

நோக்கத்தில் பாதுகாப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் பிறகு பூச்செடி வைக்கப் போனால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும். அழகுபடுத்தலும் பகுதி மேம்பாடும் சட்டத்திலும் வாக்குச்சீட்டிலும் சொல்லாலேயே இடம்பெற வேண்டும்.

7. வாரியம்

நியமன அதிகாரம் பலரிடம் பிரிந்திருப்பது நல்லது: சங்கம், மாநிலப் பிரதிநிதி, செனட்டர், நகர மன்ற உறுப்பினர், மேயர். எல்லோரையும் சங்கமே நியமித்தால் பொதுப்பணம் தனிக்குழுவிடம் போனதாகத் தோன்றும். பதவிக்காலங்கள் ஒரே நாளில் முடியாதபடி மாற்றி வையுங்கள். இல்லையேல் ஒப்பந்தம் தெரிந்தவர்கள் அனைவரும் ஒன்றாக வெளியேறுவார்கள்.

உறுப்பினர்கள் இனிப் பொதுப்பதவியில் இருப்பவர்கள். ஆண்டுதோறும் ஒரு மணிநேர நெறிமுறைப் பயிற்சி, திறந்த கூட்டச் சட்டம், பொது ஆவணச் சட்டம் எல்லாம் பொருந்தும். கூட்டத்துக்கு 24 மணிநேரம் முன்பாவது அறிவிப்பு ஒட்ட வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவெடுத்தால் அது சட்டப்படி முடிவே அல்ல. உறுப்பினரின் சொந்த நிறுவனத்துக்குப் புல் வெட்டும் ஒப்பந்தம் கொடுப்பதும் முடியாது, விலை குறைவாக இருந்தாலும்.

8. வாக்கெடுப்பு

கட்டணம் அமலுக்கு வர, மண்டலத்துக்குள் பதிவு செய்த வாக்காளர்களில் வாக்களித்தவர்களின் பெரும்பான்மை வேண்டும். வீட்டு உரிமையாளர்களின் பெரும்பான்மை அல்ல. வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு உண்டு. வேறு ஊரில் வாழும் வீட்டுக்காரருக்கு இல்லை. உரிமையாளர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வெற்றி நிச்சயம் என்று இருந்துவிடுவது பெரிய தவறு. வாடகைதாரரின் கதவையும் தட்டுங்கள். இருட்டுத் தெருவில் அவர்களும்தான் நடக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வீடு வாங்கியிருந்தால் கட்டணம் கட்டுவார், வாக்களிக்க முடியாது. குடியுரிமை இல்லாதவர் தெரியாமல் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டாலும் குடியேற்ற விவகாரத்தில் கடும் சிக்கல் வரும். பதிவுப் படிவத்தோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் குடியுரிமை பற்றிய கேள்வியை முதலில் கேட்கட்டும். வாக்கு இல்லாதவரும் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், வரவு செலவை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் உறுப்பினர் தகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் அவரால் வாரியத்தில் அமர முடியாது.

வேறு தேர்தல்கள் நடக்கும் நாளையே தேர்ந்தெடுங்கள். உங்கள் ஒரே கேள்விக்காகச் சாவடி திறந்தால் செலவு முழுதும் உங்கள் தலையில் விழும்.

பொதுப்பணத்தில் ஆதரித்து வாக்களியுங்கள் என்று பிரசாரம் செய்வதை மாநில அரசியலமைப்பு தடை செய்கிறது. வாரியத்தின் பெயரில் வரும் தாளில் தொகை, ஆண்டு, நோக்கம் போன்ற செய்திகள் மட்டும் இருக்கட்டும். ஆதரவு கேட்கும் துண்டறிக்கைக்குச் சங்கத்தின் நன்கொடைப் பணத்தைப் பயன்படுத்துங்கள்.

9. வசூல்

சொத்து வரியோடு சேர்ந்தே கட்டணம் வரும். பெரும்பாலான பாரிஷ்களில் (லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர்) ஷெரிப் அலுவலகம் வசூலிக்கும். நியூ ஆர்லியன்ஸில் நகர நிர்வாகம். கட்டாமல் விட்டால் சொத்து வரி பாக்கி போலவே நடவடிக்கை. எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணத்தைவிட இதில் வசூல் உறுதி அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

ரசீது அச்சாகும் முன் மனைப் பட்டியலை அசெஸர் அலுவலகத்துடன் ஒருமுறை ஒப்பிடுங்கள். வாக்கெடுப்பு ஆண்டின் கடைசியில் நடந்து, வரிப்பட்டியல் அதற்குள் மூடிவிட்டால் முதல் பணம் ஓராண்டு தள்ளிப்போகும். வரிப்பணம் பெரும்பகுதி டிசம்பர், ஜனவரியில்தான் வரும். முதல் மாதங்களில் செலவழித்துவிட்டால் இலையுதிர் காலத்தில் காவலருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. மூன்று மாத ரோந்துச் செலவைக் கையிருப்பாக வையுங்கள்.

10. ரோந்து ஒப்பந்தம்

பணி நேரத்துக்கு வெளியே வேலை செய்யும் நகரக் காவலர்கள் அல்லது உரிமம் பெற்ற தனியார் காவல் நிறுவனம். முன்னவருக்குக் கைது அதிகாரமும் காவல்துறை வானொலியும் உண்டு; கூலி அதிகம். பின்னவர் மலிவு, பார்த்து, எழுதி, 911-ஐ அழைப்பதோடு அவர் வேலை பெரும்பாலும் முடியும். நியூ ஆர்லியன்ஸில் காவலர்களின் இந்தத் துணைப் பணியை நகரத்தின் தனி அலுவலகம் ஒதுக்கித் தருகிறது; காவலரோடு நீங்களே நேரடியாகப் பேசி முடிக்க முடியாது.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: வண்டியின் ஜி.பி.எஸ். பதிவு, ஒவ்வொரு பணி முடிவிலும் நிமிடவாரியான பணிக் குறிப்பு, நிரப்பப்படாத மணிநேரத்துக்குப் பணம் இல்லை, மண்டலத்தையும் காப்பீட்டில் சேர்த்தல். மார்டி கிரா திருவிழா வாரத்திலும் புயல் நாட்களிலும் காவலர்கள் கட்டாயப் பணிக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களின் மணிநேரம் பின்னர் ஈடு செய்யப்படுமா என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

தினமும் இரவு எட்டு முதல் ஒன்று வரை என்று நிலையாக வைத்தால் ஒரே மாதத்தில் திருடனுக்கும் நேரம் மனப்பாடம். காவல்துறையின் குற்றப்பதிவுகளை மாதம் ஒருமுறை எடுத்து, கார் உடைப்பு எந்தக் கிழமை, எந்த நேரம் என்று பார்த்து மணிநேரத்தை நகர்த்துங்கள். அட்டவணையை வெளியே ஒட்ட வேண்டாம்.

11. அழகுபடுத்தல்

பொதுப்பணத்தைத் தனியாருக்கு நன்கொடையாகத் தரக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் ஏழாம் கூறு, 14-ஆம் பிரிவு. ஒருவர் வீட்டு வாசலுக்குக் கேமரா மாட்டுவதும், அவர் முற்றத்தில் மரம் நடுவதும், தெரு விருந்துக்கு உணவு வாங்குவதும் இதில் சிக்கும். நடைபாதை ஓரம், பூங்கா, தெரு நடுவிலுள்ள புல்வெளி போன்ற பொது நிலத்தில் மட்டும் செலவழியுங்கள்.

நியூ ஆர்லியன்ஸில் பொது நிலத்தில் மரம் நடவும் கிளை வெட்டவும் நகரப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும். எங்கு தோண்டுவதானாலும் முன்கூட்டியே 811-ஐ அழைத்து நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்களைக் குறித்து வாங்குங்கள்.

நட்ட மரத்துக்கு முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றும் செலவைச் சேர்க்காத திட்டத்தை ஏற்காதீர்கள். ஐம்பது கன்று நட்டு முப்பது காய்ந்து நிற்பதைப் பார்க்கும் வாக்காளர் கட்டணத்தை மறுபடி ஆதரிக்க மாட்டார். பத்து நட்டுப் பத்தும் தழைக்கட்டும். மின்விளக்கை மறைக்கும் கிளையைக் கழிப்பதுதான் பெரும்பாலும் முதல் வேலை. அது பாதுகாப்புக்கும் உதவும், அழகுக்கும் உதவும், செலவும் குறைவு.

12. கணக்கும் புதுப்பிப்பும்

ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை வாரியம் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். நிதி அறிக்கை மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளருக்குப் போகும். வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் கடுமை மாறும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, மாதக் கணக்கு கூட்டக் குறிப்பிலேயே. சங்கத்தின் பணத்தையும் மண்டலத்தின் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது. ஒன்று நன்கொடை, மற்றது பொதுப்பணம்.

வாக்குச்சீட்டில் எழுதிய ஆண்டு முடிந்தால் கட்டணம் தானாகவே நின்றுவிடும். புதுப்பிப்பு வாக்கெடுப்பைக் கடைசி ஆண்டில் வைத்து, அது தோற்றால் மறுமுயற்சிக்கு நாள் இருக்காது. முடிவதற்கு ஓராண்டு முன்பே கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றுங்கள். ரோந்து ஒப்பந்தத்தின் கடைசி நாளும் கட்டணம் முடியும் நாளைத் தாண்டாதபடி இருக்கட்டும். வரவு நின்ற பிறகும் ஓடும் ஒப்பந்தத்துக்கு வாரியம் எங்கிருந்தும் பணம் கொடுக்க முடியாது.